லாஸ் வேகாஸ் ஒன்றரை நாள் ஊர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் சுற்றுலா இணைப்பில் லாஸ் வேகாஸ் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். சூதாடாதவர்களுக்கு அந்த ஊரில் ஒன்றரை நாளே அதிகம், துணையில்லாமல் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், தவிர்ப்பது நலம் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். படத்துக்கு அடியில் 'ஹூவர் அணையின் மின்சாரத்தில் ஜொலிக்கும் நகரம்' என்று ஒரு வரி. முதல் இரண்டும் அவரவர் ரசனை என்று விட்டிருப்பேன். அந்தப் பட வரிதான் பொறுக்கவில்லை. முப்பத்துநான்கு வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவள் நான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது தப்பாகச் சொன்னால் சோறு இறங்காது.

எனக்கு 62 வயது. வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. போன பிப்ரவரியில் அந்த ஊரில் தனியாக ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். ஆறாவது நாளும் இருந்திருக்கலாமே என்றுதான் விமானத்தில் உட்கார்ந்து நினைத்தேன்.

சான் ஹோசேயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்த சமயம் அது. அவனுக்கும் மருமகளுக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. "அம்மா, அங்க போய் நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றான். "விளக்கு பாக்கப் போறேன்டா" என்றேன். மருமகள்தான், "அத்தை போகட்டும், நீங்க சும்மா இருங்க" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேர விமானம். இறங்கி வெளியே வருவதற்குள்ளேயே, பெட்டி எடுக்கப் போகிற வழியிலேயே, ஸ்லாட் மெஷின்கள் என்ற சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாக நின்று கூப்பிடுகின்றன.

தனியாகப் போகிறவர்களுக்கு அங்கே உண்மையான கஷ்டம் பயமல்ல, பணம். அறை வாடகை இரண்டு பேருக்குப் போட்ட கணக்கு; ஒருத்தியாகப் போனாலும் அதே வாடகை. அதற்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று நாளொன்றுக்குத் தனியாக ஒரு தொகை. நான் தங்கிய இடத்தில் வாடகை 62 டாலர், இந்தக் கட்டணம் 45 டாலர், இரண்டுக்கும் சேர்த்து 13 சதவீதத்துக்கு மேல் வரி. நீச்சல் குளத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அந்த 45 டாலரைக் கொடுத்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் இதைக் கடைசித் திரையில்தான் காட்டுவார்களாம். 2025 மே மாதத்திலிருந்து, கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி போட்டுவிட்டது. உங்கள் வாசகர்களுக்கு இது உபயோகமான தகவல். இன்னொன்று, வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து ஞாயிறு முதல் வியாழன் வரை இருந்தால் வாடகை சட்டென்று இறங்கும். நான் ஞாயிறு போய் வெள்ளி காலை கிளம்பினேன்.

முதல் நாளே என் பெயரைக் கெடுத்தது தயிர். மருமகள் ஒரு டப்பாவில் தயிர்சாதம் கொடுத்தனுப்பியிருந்தாள். அறையில் சின்ன குளிர்ப்பெட்டி. உள்ளே குட்டிக் குட்டிப் பாட்டில்கள், சாக்லேட்டுகள். மூன்று பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு டப்பாவை உள்ளே நுழைத்தேன். மறுநாள் காலை கணக்கைப் பார்த்தால் மூன்று பாட்டில் மது குடித்ததாக 51 டாலர்! அந்தத் தட்டில் சென்சார் வைத்திருக்கிறார்கள். பாட்டிலை எடுத்துச் சில விநாடிக்குள் திரும்ப வைக்காவிட்டால் விற்றதாகக் கணக்கு. மூடி திறக்காத மூன்று பாட்டில்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வரவேற்பு மேசைக்கு இறங்கினேன். ஆயுளில் முதல் தடவையாகச் சாராயத்தோடு லிஃப்டில் போகிறேன், கூட வந்தவர்கள் சிநேகமாகச் சிரித்தார்கள். மேசையிலிருந்த பையன் கேள்வியே கேட்காமல் கணக்கைத் தள்ளிவிட்டான். "தினம் நாலு பேர் வருவாங்க மேடம், இன்சுலின் வைக்கிறவங்கதான் அதிகம்" என்றான். இந்த வகைப் பெட்டி இருக்கும் அறைக்குப் போகிறவர்கள் எதையும் தொடாதீர்கள்.

ஸ்ட்ரிப் என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய சாலை, கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால் அதில் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. கிளார்க் கவுன்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வரும் பாரடைஸ் என்ற பகுதி அது. நடக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும், கட்டடங்களின் பருமன் கண்ணை ஏமாற்றுகிறது. 'இதோ அடுத்த கட்டடம்' என்று கிளம்பினால் அரைமணி நேரம் ஆகும். முக்கியமான சந்திப்புகளில் சாலையை நேராகக் கடக்க விடமாட்டார்கள். எஸ்கலேட்டரில் ஏறி, நடைமேம்பாலத்தில் போய், அந்தப் பக்கம் இறங்கினால் பல இடங்களில் ஒரு சூதாட்டக் கூடத்தின் வாசலில்தான் இறங்குவோம். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்கப் போனேன், சீருடைக்காரர் ஒருவர் கையை ஆட்டி நகரச் சொன்னார். 2024 முதல் அந்தப் பாலங்களில் நிற்கவே கூடாது என்று உள்ளூர்ச் சட்டம் வந்திருக்கிறது. கால் வலித்தால் டியூஸ் என்ற இரண்டடுக்குப் பேருந்து இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். மாடியில் முன்சீட்டு கிடைத்துவிட்டால் அந்த ஊரைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இரவு பதினொரு மணிக்கும் அதில் போய் வந்தேன். வேலை முடிந்து வீடு திரும்பும் சமையல்காரர்களும் அறை சுத்தம் செய்யும் பெண்களும்தான் பாதிப் பேருந்து.

பெலாஜியோ ஹோட்டலுக்கு முன்னால் இருக்கும் நீரூற்றைப் பதினோரு தடவை பார்த்தேன். எட்டரை ஏக்கர் ஏரி, 1,200க்கு மேல் பீச்சுக் குழாய்கள். சாயங்காலத்துக்கு மேல் கால்மணிக்கு ஒரு தடவை ஆடும், காசு கிடையாது. கூட்டத்தோடு வந்தவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்தது எங்கே என்று போய்விடுகிறார்கள். எனக்குத்தான் கைப்பிடித்து இழுக்க ஆளில்லையே. மூன்றாவது தடவைக்கு மேல் தண்ணீரைப் பார்ப்பதை விட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். வளைந்து ஆடுகிற தாரைகள் ஒரு வகை. நேராக வானத்துக்குப் போவது வேறு வகை, அதை அடிப்பது அழுத்தக் காற்று. உயரமானது 460 அடி போகும். அது வெடிக்கும்போது சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் வந்து தட்டுகிறது. பழைய துணைமின் நிலையங்களில், அழுத்தக் காற்றை அடித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏர் பிளாஸ்ட் பிரேக்கர் திறக்கும்போது இப்படித்தான் தட்டும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, நானும் போகும்போது அப்படித்தான் போனேன். அந்த ஏரிக்குத் தண்ணீர் அங்கேயே இருக்கும் பழைய கிணற்றிலிருந்து வருகிறது. முன்பு அந்த இடத்தில் இருந்த கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கு இறைத்த கிணறு. ஊரின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, அதாவது ஹூவர் அணை தேக்கி வைத்திருக்கும் மீட் ஏரியிலிருந்து. ஆனால் ஹோட்டல் குளியலறைகளில் போகிற தண்ணீரில் கிட்டத்தட்ட முழுவதையும் சுத்திகரித்து அதே ஏரிக்குத் திருப்பி விடுகிறார்கள். திரும்பி வராதது புல்லுக்கு ஊற்றுவதுதான். அதனால்தான், யாரும் உபயோகிக்காத அலங்காரப் புல்தரைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சுவதை 2026 முடிவோடு நிறுத்த வேண்டும் என்று 2021இல் அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலம் சட்டம் போட்டது.

ஈபிள் கோபுரத்தின் பாதி அளவு நகலும் வெனிஸ் படகும் இருக்கின்றன. படகில் நாலு பேர் சேர்ந்து போக வேண்டும். என்னை ஒரு தேனிலவு ஜோடியோடு உட்கார வைக்கப் பார்த்தார்கள். வேண்டாம் தாயே என்று வந்துவிட்டேன். தனியாள் என்பதால் லாபமும் உண்டு. பெரிய தண்ணீர்த் தொட்டியையே மேடையாக்கி 1998 முதல் நடக்கும் சர்க்கஸ் காட்சிக்கு, ஜோடி ஜோடியாக வாங்கியவர்களுக்கு நடுவில் ஒற்றை இருக்கை ஒன்று நல்ல வரிசையில் மிஞ்சியிருந்தது. அன்று மதியம் போய் அன்றைக்கே வாங்கினேன். 15 லட்சம் கேலன் தண்ணீர், அதன் தரை ஏறும், இறங்கும். ஒருத்தி குதித்து மூழ்கிய இடத்தில் அடுத்த நிமிஷம் இன்னொருத்தி நடந்து வருகிறாள்.

மூன்றாம் நாள் காலை நியான் அருங்காட்சியகம். உங்கள் கட்டுரையாளர் இதன் பெயரைக்கூட எழுதவில்லை! மூடிப்போன, இடித்துத் தள்ளிய ஹோட்டல்களின் விளம்பரப் பலகைகளை வெட்டவெளியில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'எலும்புக்கூட்டு முற்றம்' என்கிற மாதிரி அதற்கு ஒரு பெயர். அந்தப் பலகைகள் பலவும் ஹோட்டல்காரர்களுக்குச் சொந்தமே இல்லையாம், செய்துகொடுத்த கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தவை. புதுசு வந்ததும் பழையது கம்பெனியின் கொல்லைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் இவ்வளவு மிஞ்சியது. 1958இல் திறந்து 2007இல் வெடிவைத்துத் தகர்த்த ஸ்டார்டஸ்ட் ஹோட்டலின் எழுத்து ஒவ்வொன்றும் என்னைவிட உயரம்.

குழாய்க்குள் சிவப்பும் ஆரஞ்சும் கலந்து எரிவதுதான் நிஜ நியான் வாயு. நீலம் வேண்டுமென்றால் ஆர்கான் வாயுவில் துளி பாதரசம். மற்ற நிறமெல்லாம் கண்ணாடிக் குழாயின் உள்பூச்சு, இல்லையென்றால் நிறக் கண்ணாடி. எரிய வைக்க 15,000 வோல்ட் வரைக்கும் போகிற டிரான்ஸ்ஃபார்மர், ஆனால் ஓடும் கரன்ட் மில்லிஆம்பியரில்தான். இதை நான் வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லப்போய், அவள் என்னை முன்னால் இழுத்து விட்டுவிட்டாள். இருபது பேருக்கு நான் அரை ஆங்கிலத்தில் பாடம் எடுத்தேன். ஒரு பலகைக்குப் பின்புறம் போய்ப் பார்த்தேன். குழாயைத் தாங்கும் கண்ணாடிக் கால்கள், இரண்டு எழுத்துக்கு நடுவில் தெரியக் கூடாத வளைவுக்குக் கறுப்புப் பெயின்ட், மூலையில் காய்ந்த பறவைக்கூடு. அந்தக் கறுப்புப் பெயின்ட் பூச்சில் தூரிகை போன தடம்கூட இன்னும் இருக்கிறது.

அங்கே மூலான் ரூஜ் என்ற ஹோட்டலின் எழுத்துகளும் இருக்கின்றன. 1955இல் வந்தது. அந்தக் காலத்தில் ஸ்ட்ரிப்பின் மேடைகளில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கே அந்த ஹோட்டல்களில் அறை கிடையாது. பாட்டு முடிந்ததும் ஊரின் மேற்குப் பக்கத்துக்குப் போய்த்தான் படுக்க வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரலாம் என்று திறந்த முதல் சூதாட்ட விடுதி இதுதான், சில மாதங்களே ஓடியது. 1960 மார்ச்சில்தான் மற்ற ஹோட்டல்களும் இறங்கி வந்தன. அந்த அழகான சாய்வெழுத்தை வரைந்தவர் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி. ஸ்ட்ரிப்பின் தெற்கு முனையில் நிற்கும் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையை 1959இல் வடிவமைத்தவரும் அவரேதான். அதற்கு அவர் காப்புரிமையே வாங்கவில்லை. அதனால்தான் சாவிக்கொத்திலிருந்து சட்டை வரை எல்லாவற்றிலும் அந்தப் பலகை.

நான்காம் நாள்தான் ஹூவர் அணை. பேருந்தில் ஏறியதும் ஓட்டுநர் ஒலிபெருக்கியில், ஸ்ட்ரிப்பின் விளக்கெல்லாம் இங்கிருந்து வரும் மின்சாரத்தில்தான் எரிகிறது என்று அழகாகச் சொன்னார். உங்கள் பட வரியும் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருக்கும். வழியில் போல்டர் சிட்டி. அணை கட்டிய தொழிலாளிகளுக்காக அரசாங்கமே அமைத்த ஊர், சூதாட்டத்துக்குத் தடை. இன்றைக்கும் தடை. அந்த மாநிலத்தில் அப்படி இரண்டே ஊர்கள்தான். நெவாடாவில் சூதாட்டம் சட்டமானது 1931இல், அணை வேலை தொடங்கியதும் அதே 1931இல். சம்பளம் வாங்கிய கையோடு அந்த ஆட்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அணையால் லாஸ் வேகாஸ் வளர்ந்தது என்றால் முதலில் இந்த வழியாகத்தான்.

726 அடி உயரம். மேலே நின்று எட்டிப் பார்த்தபோது முழங்கால் நடுங்கியது, வெட்கமில்லாமல் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு கான்கிரீட்டையும் ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் சூடு ஆறவே நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்குமாம். அதனால் கட்டம் கட்டமாகக் கொட்டி, நடுவில் ஒரு அங்குலக் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட விட்டார்கள். குழாய் மட்டும் 582 மைல். கான்கிரீட்டுக்குள் செத்த தொழிலாளிகள் புதைந்து கிடக்கிறார்கள் என்பது வெறும் கதை. வேலையில் இறந்ததாக அரசுக் கணக்கில் உள்ள 96 பேர் நிஜம்.

கீழே மின்நிலையத்துக்கு லிஃப்டில் இறக்கினார்கள். நெவாடா பக்கம் எட்டு, அரிசோனா பக்கம் ஒன்பது, ஆக 17 பெரிய டர்பைன்கள். தரையில் பளிங்கு மாதிரி மெருகேற்றிய வேலைப்பாடு. ஒரு மின்நிலையத்துக்கு யார் இப்படித் தரை போட்டார்கள்! அந்த ரீங்காரம் காலடியில் ஏறியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. சுற்றி வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, எத்தனை இயந்திரம் ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் நின்றிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முழுத்திறன் 2,080 மெகாவாட். ஏரியின் நீர்மட்டம் இறங்கிவிட்டதால் இப்போது அவ்வளவு எடுக்க முடியாது. தண்ணீர் விழும் உயரம் குறைந்தால் மெகாவாட்டும் குறையும். 2022 கோடையில் ஏரி 1937க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. பழைய மட்டம் இருந்த இடம் பாறையில் வெள்ளைப் பட்டையாக, வாளியில் உப்புத் தண்ணீர் காய்ந்த கோடு மாதிரி, சுற்றிலும் தெரிகிறது. வருகிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது, நெவாடா மாநிலம் முழுவதற்கும் சேர்த்தே கால்பங்குகூட இல்லை. நெவாடாவின் மின்சாரத்தில் அதிகம் இயற்கை எரிவாயுவில் வருவது, அடுத்த இடம் சூரிய ஒளிக்கு. பெலாஜியோ உள்ளிட்ட பல ஹோட்டல்களை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனம் 2021இல் பாலைவனத்தில் 100 மெகாவாட் சூரியமின் நிலையம் தொடங்கி, பகல்நேரத் தேவையில் 90 சதவீதம் வரை அதிலிருந்தே எடுப்பதாகச் சொல்கிறது. அணைக்கு மரியாதை செய்ய வேண்டும்தான், அதற்காக அது செய்யாத வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது.

அணையின் நான்கு நீரெடுப்புக் கோபுரங்களில் இரண்டில் பெரிய கடிகாரங்கள், ஒன்று நெவாடா நேரம், இன்னொன்று அரிசோனா நேரம். நான் போனது குளிர்காலம், ஒன்றுக்கொன்று ஒரு மணி வித்தியாசம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, நெவாடா மாற்றும். அதனால் கோடையில் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும். திரும்பி வந்து ஹோட்டலின் சூதாட்டக் கூடத்துக்குள் நுழைந்ததும் மணி பார்க்கக் கண் சுவரைத் தேடியது. கடிகாரமும் இல்லை, ஜன்னலும் இல்லை. லிஃப்டுக்குப் போக அந்தக் கம்பளத்தைச் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். சிகரெட் புகை வேறு. 2006இல் வந்த புகைத்தடைச் சட்டம் சூதாட்டக் கூடத்தை மட்டும் விட்டுவிட்டது. ஆஸ்துமா உள்ளவர்கள் பார்க் எம்ஜிஎம் மாதிரி புகை இல்லாத இடம் பார்த்துத் தங்குங்கள்.

சூதாடவே இல்லையா என்றால், ஐந்து டாலர். ஒன்றும் தெரியாமல் வரக் கூடாது என்று 'பென்னி' என்று எழுதியிருந்த இயந்திரத்தில் போட்டேன். ஒரு சென்டுக்கு ஆடலாம் என்று நினைத்தால், ஒரு தட்டுக்குக் குறைந்தது 50 சென்ட் எடுத்துக்கொள்கிறது. நடுவில் 80 சென்ட் ஜெயித்ததாக மணியடித்துக் கொண்டாடியது. 50 சென்ட் போட்டு 20 சென்ட் வந்தபோதும் அதே மணி! காசு கொட்டுகிற சத்தம் கேட்கிறதே தவிர கொட்டுவதற்குக் காசு கிடையாது, ஒலிபெருக்கிதான். இப்போது எல்லாம் அச்சடித்த சீட்டு. ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். போட்டதில் குறைந்தது 75 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது நெவாடா விதி. எனக்கு அது திரும்பவில்லை, சராசரி என்பது வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

எழுத வேண்டிய இன்னொருவர் என் தளத்தில் அறை சுத்தம் செய்த பெண்மணி. எல் சால்வடோர் நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒருத்திதானே இருக்கிறேன், எதற்கு அவருக்குச் சிரமம் என்று முதல் இரண்டு நாளும் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையைக் கதவில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், அட்டையை எடுங்க. நீங்க நல்லது செய்றதா நினைக்கிறீங்க. மூணு நாள் சேர்ந்த அறையைச் சுத்தம் பண்றது முதுகை உடைக்கும். தினம் பண்ற அறை குறைஞ்சா ஆளையும் குறைப்பாங்க." இப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் அறை சுத்தம் செய்ய வேண்டும் என்பதை 2023 ஒப்பந்தத்தில் அவர்கள் சங்கம் போராடி எழுதி வாங்கியிருக்கிறது. சமையல், பரிமாறுதல், அறை சுத்தம் செய்கிற தொழிலாளர்களின் சங்கம், சுமார் 60,000 பேர்.

நானும் சங்கத்தில் இருந்தவள் என்றதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஃபிரான்டியர் ஹோட்டல் வேலைநிறுத்தத்தைச் சொன்னார். 1991 செப்டம்பரில் அந்த ஹோட்டல் வாசலில் 550 பேர் உட்கார்ந்தார்கள், 1998 பிப்ரவரியில் எழுந்தார்கள். ஆறு வருஷம் நாலு மாசம், இரவும் பகலும் மறியல். நடுவில் ஒருவர்கூட உள்ளே வேலைக்குத் திரும்பவில்லை. அவருடைய மாமியார் அதில் நின்றவராம். "வெயிலில் ஷூ அடிப்பாகம் தாரில் ஒட்டும் மேடம்" என்றார். அந்த ஹோட்டலை 2007இல் இடித்துவிட்டார்கள். மறுநாள் காலை டியூஸில் போய் இறங்கிப் பார்த்தேன். வேலிக்குள் வெறும் மனை. கிளம்பும் நாளன்று தலையணை மேல் அன்பளிப்பு வைத்துவிட்டு வந்தேன். தினமும் வைக்க வேண்டும், ஏனென்றால் தினமும் அதே ஆள் வரமாட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மீதியைச் சுருக்குகிறேன். ஸ்ஃபியர் என்ற உருண்டை அரங்கம், 2023இல் திறந்தது, 366 அடி உயரம். உள்ளே போக எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வெளியே நின்று கணக்குப் போட்டேன். மேல்தோலில் 12 லட்சம் விளக்கு வில்லைகள், ஒவ்வொன்றிலும் 48 எல்இடி, ஆக 5 கோடியே 76 லட்சம். அது ஒரு பெரிய கண்ணாகி என்னையே பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. லக்ஸர் என்ற பிரமிடு வடிவ ஹோட்டலின் உச்சியிலிருந்து போகும் ஒளிக்கற்றைக்கு 7,000 வாட் விளக்குகள் 39. மொத்தம் 273 கிலோவாட், நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு தாங்கும். இப்போது பாதியைத்தான் எரிக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்குள் வெள்ளித் துகளாகச் சுற்றுவது பூச்சிகள். பூச்சிக்கு வௌவால், வௌவாலுக்கு ஆந்தை என்று உச்சியில் தனியாக ஒரு குடித்தனமே நடக்கிறது. ஃப்ரீமான்ட் தெருவில் 1951 முதல் நிற்கும் நியான் மாட்டுக்காரன் பொம்மை கையசைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. அந்தத் தெருவில் இறகு வைத்த உடையில் இரண்டு பெண்கள் வந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். எடுத்த பிறகு ஆளுக்கு இருபது டாலர் கேட்டார்கள். "என்கிட்ட கேக்காம எடுத்தீங்க, நானும் கேக்காம போறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். ஐந்து நாளில் எனக்கு நேர்ந்த ஆபத்து இவ்வளவுதான்.

ஆகவே அந்தப் பட வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அணையைப் பற்றிய ஒரு வரி போதும். ஒன்றரை நாள் என்று எழுதியவரிடம் நியான் முற்றத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இத்துடன் ஒரு படம் இணைத்திருக்கிறேன். தனியாகப் போனதால் ஐந்து நாளில் நான் இருக்கிற படம் இது ஒன்றுதான். வரவேற்புப் பலகைக்கு அடியில் வரிசையில் பின்னால் நின்ற பையன் எடுத்தது. 'வெல்கம்' என்ற ஏழு ஆங்கில எழுத்துக்கும் பின்னால் ஏழு வெள்ளி டாலர் மாதிரி வட்டங்கள் இருக்கும். என் தலைக்குமேல் நாலுதான் விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர்